வழிச்செலவு

நான் குமாஸ்தாவாக இருக்கும் வங்கிக் கிளை ஆர்.எஸ். மங்கலத்தில் இருக்கிறது. நகைக் கடனுக்கு வருகிறவர்களிடம் எதற்காக என்று கேட்பது வழக்கம். விவசாயச் செலவு என்பார்கள். இரண்டு வார்த்தை பேச்சுக் கொடுத்தால் வேறு பதில் வரும். 'வண்டிக்கு டியூ கட்டணும் தம்பி.' பெரும்பாலும் மகனுடைய வண்டி. அடகுக்கு வருவது தாயின் தோடு.

இந்த 'வண்டி' என்ற சொல்லைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் எழுபது வயதுக்காரர் தம் சிறுவயதைப் பேசும்போது வண்டி என்றால் மாட்டு வண்டி. என் சிறுவயதில் 'வண்டி வந்துருச்சா' என்று கேட்டால் பஸ் வந்துவிட்டதா என்று அர்த்தம். இன்று வண்டி என்றால் மோட்டார் சைக்கிள். சொல் அப்படியே இருக்க, அது குறிக்கும் பொருள் இரண்டு முறை மாறிவிட்டது. அதில் ஏறுகிறவர்களின் எண்ணிக்கை ஒவ்வொரு முறையும் மாறியது. யார் அதற்குப் பணம் கொடுத்தார்கள் என்பதும் மாறியது.

போக்குவரத்தின் சரித்திரம் என்று நம்மிடம் இருப்பது பெரும்பாலும் சாதனங்களின் சரித்திரம். எந்த வருஷம் எந்தப் பாலம், எந்த ரயில், எத்தனை மைல் என்பதோடு அது முடிந்துவிடும். நான் இங்கே கேட்க விரும்புவது ஒரு குமாஸ்தாவின் கேள்வி. ஒருவன் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போக ஆகும் செலவு யார் பேரில் பற்று எழுதப்பட்டது? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு பார்த்தால், இந்த ஊரைச் சுற்றியுள்ள பாதைகள் வேறு விதமாகத் தெரிகின்றன.

ஆர்.எஸ். மங்கலம் என்பது இராஜசிங்கமங்கலம். பாண்டியன் இராஜசிம்மன் பெயரால் அமைந்த ஊர் என்பார்கள். வெளியூர்க்காரர்களுக்கு இந்த ஊரைத் தெரியுமானால் அதன் கண்மாயால்தான் தெரியும். 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்பது வழக்கு. ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நாரையால் ஒரே மூச்சில் பறந்துவிட முடியாதாம். ஒரு தூரத்தைச் சொல்ல இங்கே மைலும் பர்லாங்கும் வரவில்லை, ஒரு பறவையின் களைப்பு வருகிறது. நடந்து போகிறவர்களின் அளவை இது. தூரம் என்பது உடம்பு எந்த இடத்தில் ஓய்கிறது என்பதைப் பொறுத்தது.

பழைய இலக்கியத்திலும் வழி இப்படித்தான் சொல்லப்பட்டது. பத்துப்பாட்டில் சரிபாதி, ஐந்து பாட்டுகள், ஆற்றுப்படைகள். அவற்றைப் புலவர்களின் இரவல் பாட்டு என்று ஒதுக்கியவர்களும் உண்டு, தமிழனின் விருந்தோம்பல் என்று மேடையில் முழங்கியவர்களும் உண்டு. இரு சாராரும் அதன் அமைப்பைக் கவனித்ததாகத் தெரியவில்லை. போய்விட்டு வந்தவன் போகிறவனுக்கு வழி சொல்கிறான். எந்த நிலத்தில் யார் இருப்பார்கள், அவர்கள் என்ன சாப்பிடத் தருவார்கள் என்று சொல்கிறான். வழி என்பது வழியில் கிடைக்கும் சோறும்தான். வழிச்செலவு வழியில் இருப்பவர்களுடையது என்ற அனுமானத்தின்மேல் அந்த வடிவம் நிற்கிறது. அது எந்த அளவுக்கு நடைமுறை, எந்த அளவுக்கு ஆசை என்பது வேறு விஷயம். ஒரு சமூகம் அப்படி ஆசைப்பட்டது என்பதே முக்கியம்.

இந்த ஆசை பிற்காலத்தில் கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டப்பட்டது எங்கள் கடலோரத்தில். ஆர்.எஸ். மங்கலத்துக்குக் கிழக்கே கடற்கரையை ஒட்டி உப்பூர். சேது யாத்திரை போகிறவர்கள் அங்கே பிள்ளையாரை வணங்கி, தேவிபட்டினத்தில் நவபாஷாணத்தைக் கண்டு, பிறகு இராமேஸ்வரம் போவது மரபு. தஞ்சாவூரிலிருந்து இந்தக் கடலோரமாக இறங்கும் பாதையில் மராட்டிய மன்னர்கள் ஒரத்தநாட்டில், மணமேல்குடியில், மீமிசலில் சத்திரங்கள் கட்டினார்கள். சேதுபதிகள் தங்கள் சீமையில் கட்டினார்கள்.

1801-இல் சரபோஜி மன்னர் தஞ்சாவூரில் கம்பெனியின் ரெசிடெண்டாக இருந்த பெஞ்சமின் டோரினுக்கு ஒரு கடிதம் எழுதினார். ராஜ்யம் கம்பெனியின் கைக்குப் போய்விட்டது, சத்திரங்களையாவது விட்டுவிடுங்கள் என்பது அதன் சாரம். சத்திரத்தில் என்ன நடக்கிறது என்று அதில் விவரிக்கிறார். ஜாதி வித்தியாசம் இல்லாமல் வழிப்போக்கர் எல்லாருக்கும் உணவு. நோயுற்றவர்களுக்கு மருந்து, குணமாகும் வரை தங்க இடம். கர்ப்பிணிகளுக்குத் தனிக் கவனிப்பு. எல்லாச் சத்திரமும் எல்லாக் காலத்திலும் இப்படியே நடந்தன என்று நம்ப நான் தயாராக இல்லை. பந்தியில் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று அந்தக் கடிதத்தை வைத்து மட்டும் முடிவு கட்ட முடியாது. ஆனால் அதிகாரத்தை இழந்த ஓர் அரசன், இழக்கக் கூடாத கடைசிச் சொத்தாக எதை நினைத்தான் என்பது யோசிக்கத் தகுந்தது. நடந்து போகிறவனின் செலவை ஏற்பதே அரசு என்பதற்கு அடையாளம் என்று அவன் கருதியிருக்கிறான்.

இதே கடற்கரைக்கு அதே நூற்றாண்டில் இன்னொரு கூட்டமும் நடந்து வந்தது. இலங்கையில் காப்பித் தோட்டங்கள் பெருகிய காலம். இராமநாதபுரம் சீமையிலிருந்தும் திருச்சி, மதுரைப் பக்கங்களிலிருந்தும் ஆட்கள் தொண்டி, பாம்பன் போன்ற துறைகளுக்கு நடந்தார்கள். தோணியில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாகத் தம்புள்ளை, மாத்தளை என்று மறுபடியும் நடை. வழியில் காலராவிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்கள் ஏராளம். யாத்ரீகனும் கூலியும் சில இடங்களில் ஒரே மண்ணை மிதித்தவர்கள். யாத்ரீகனுக்குச் சத்திரம் இருந்தது. கூலிக்குக் கங்காணி இருந்தான்.

கங்காணி வழிச்செலவுக்கு முன்பணம் கொடுத்தான். தோட்டத்தில் கால் வைக்கும்போதே கூலி கடனாளி. தோட்டம் மாறுவதென்றால் 'துண்டு' வேண்டும். இந்தக் கங்காணியின் ஆட்கள் பேரில் இவ்வளவு கடன் நிற்கிறது, அதைக் கட்டினால் ஆட்களை விடுவிக்கிறேன் என்று தோட்டத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. ஒரு தோட்டம் பணம் கட்டி இன்னொரு தோட்டத்திலிருந்து ஆட்களை எடுத்துக்கொள்ளும். 1921-இல்தான் துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது. புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி'யில் இந்த உலகத்தை எழுதியபோது நம் வாசகர்கள் அதைப் பரிதாபக் கதையாகப் படித்தார்கள். அது ஒரு கணக்கு வழக்கின் கதையும்கூட. ஊரைவிட்டுப் போன செலவையே கயிறாக்கி ஆளைக் கட்டிப்போட முடியும் என்பது அதன் அடியில் ஓடும் உண்மை.

பிறகு ரயில். 1902-இல் மதுரையிலிருந்து மண்டபம் வரை பாதை திறந்தது. 1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் பாலம். தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். சென்னையில் ஏறியவன் கொழும்பில் இறங்கலாம் என்றாயிற்று. பாதை மானாமதுரை, பரமக்குடி, இராமநாதபுரம் என்று உள்நாட்டு வழியாகப் போனது. கடலோரத்து நடைபாதை, அதாவது எங்கள் பக்கத்துப் பாதை, மெல்ல வெறிச்சோடியது. வாரக்கணக்கில் நடந்த யாத்ரீகனுக்கு ஒரு ராத்திரிப் பிரயாணம் போதும் என்று ஆனபிறகு நாலு காதத்துக்கு ஒரு சத்திரம் எதற்கு? ஆர்.எஸ். மங்கலத்துக்கு இன்றுவரை ரயில் நிலையம் கிடையாது.

ரயில் டிக்கெட் ஒரு புதிய உறவை ஏற்படுத்தியது. செலவு பிரயாணியுடையது, அதைக் கொடுத்துவிட்டால் யாருக்கும் அவன் கடன்பட்டவன் அல்ல. தர்மத்துக்கும் துண்டுக்கும் நடுவே இது ஒரு விடுதலைதான். ஆனால் எல்லாருக்கும் அல்ல. கூலிகளும் ரயிலேறினார்கள், மண்டபம் முகாமில் சோதிக்கப்பட்டு அனுப்பப்பட்டார்கள். 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயிலைக் கடல் கொண்டது, தனுஷ்கோடி அழிந்தது. அதே 1964-இல்தான் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம். கடனோடு போனவர்களின் பேரப்பிள்ளைகளைக் கப்பல் பிறகு இராமேஸ்வரத்தில் கொண்டுவந்து இறக்கியது. இறங்கியவர்களில் பலருக்கு இது பார்த்திராத தேசம். எங்கே திரும்புவது என்பதை அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

ரயில் விட்டுப்போன ஊர்களைச் சேர்த்துக் கட்டியது பஸ். தேசக் கணக்கில் ஒரு சிறு விவரம் என்னை வெகுநாள் யோசிக்க வைத்தது. 1951-இல் இந்தியா முழுவதும் பதிவான மோட்டார் வாகனங்கள் சுமார் 3 லட்சம். அவற்றில் பஸ்கள் 34,000, இருசக்கர வாகனங்கள் 27,000. ஸ்கூட்டரையும் மோட்டார் சைக்கிளையும்விடப் பஸ்கள் அதிகமாக இருந்த தேசம் ஒன்று இருந்தது. 2011-இல் மொத்தம் 14 கோடிக்கு மேல். இருசக்கரம் 10 கோடிக்கு மேல், பஸ் 16 லட்சம். நூற்றுக்குப் பதினொன்றாக இருந்த பஸ், நூற்றுக்கு ஒன்றாகக் குறுகிவிட்டது.

தமிழ்நாட்டில் 1972-இல் பஸ்களை அரசு எடுத்துக்கொண்டது. மதுரையில் டி.வி.எஸ். பஸ்கள் பாண்டியன் போக்குவரத்துக் கழகமாயின. 1983-இல் அதிலிருந்து பிரிந்து காரைக்குடியில் மருதுபாண்டியர் பெயரில் ஒரு கழகம் வந்தது. எங்கள் ஊருக்கு வந்தவை அதன் பஸ்கள். சில்லறை கொடுத்து வாங்கிய சீட்டு, கிராமத்துத் தெருவில் கிடைக்காத ஓர் உரிமையைக் கொடுத்தது. யாரும் யார் பக்கத்திலும் உட்காரலாம். அந்த உரிமை எவ்வளவு மெல்லியது என்பது 1997-இல் தெரிந்தது. விருதுநகரில் தொடங்கிய கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைக்கப்பட்டபோது, ஒரு தலித் வீரனின் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்றார்கள். கலவரம் வந்தது. முடிவில் எல்லாப் பஸ்களிலிருந்தும் எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் அழித்தார்கள். எதிர்ப்பை எதிர்கொள்ள முடியாமல் பெயர்களையே துறந்த அந்தத் தீர்வை நம் எழுத்தாளர்கள் போதுமான அளவு யோசித்ததாக எனக்குத் தெரியவில்லை.

பஸ்ஸை விட்டு மனிதர்கள் இறங்கத் தொடங்கியது அதற்கும் முன்பே. 1980-இல் டி.வி.எஸ். 50 வந்தது. மதுரையில் பஸ் ஓட்டி வளர்ந்து, 1972-இல் பஸ்களை அரசிடம் விட்ட அதே குடும்பத்தின் நிறுவனம் எட்டு வருஷம் கழித்துத் தனி மனிதனுக்கு ஒரு வண்டியைக் கொடுத்தது. புல்லுக்கட்டு, மீன் கூடை, தண்ணீர்க் குடம், பெண்டாட்டி பிள்ளை எல்லாவற்றையும் அது சுமந்தது. அதைப் பழிக்க எனக்கு மனமில்லை. பஸ் வராத ஊருக்கு அதுதான் பஸ். ஆனால் அது வந்த வழி தவணை. எண்பதுகளின் நடுவில் ஜப்பான் கூட்டுறவோடு மோட்டார் சைக்கிள்கள் வந்தபிறகு தவணையும் வளர்ந்தது. 2001 கணக்கெடுப்பில் நூறு வீடுகளில் 12 வீடுகளில் இருசக்கர மோட்டார் வாகனம் இருந்தது, 2011-இல் 21. 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வில் ஏறக்குறைய பாதி வீடுகளில். கார் நூற்றுக்கு எட்டு வீட்டில்கூட இல்லை. முன்னேற்றம் என்றுதான் இதைச் சொல்வார்கள், நானும் மறுக்கவில்லை. வழிச்செலவு மறுபடியும் கடனாக மாறிவிட்டது என்பதையும் கூடவே சொல்ல வேண்டும். துண்டோடு மாதத் தவணையை ஒப்பிடுவது மிகை. தவணை கட்டாதவனின் வண்டியைத்தான் எடுத்துப் போவார்கள், ஆளை அல்ல. ஆனாலும் தோட்டைக் கழற்றித் தராசில் வைக்கும் கையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சீட்டு ஞாபகம் வருகிறது. வண்டியில் போகிறவன் ஒருவன், செலவு இன்னொருத்தி பேரில்.

அவள் எப்படிப் போகிறாள்? இதற்குத் தேசக் கணக்கில் பதில் தேடினேன். 2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பில், வேலைக்கு எவ்வளவு தூரம், எதில் போகிறீர்கள் என்ற கேள்வி இருந்தது. சுமார் 4½ கோடிப் பேர் நடந்து போகிறார்கள், சைக்கிளில் 2 கோடி 60 லட்சம், மோட்டார் சைக்கிள் வகையில் 2½ கோடி, பஸ்ஸில் 2 கோடி 30 லட்சம், காரில் 50 லட்சத்துக்குச் சற்று அதிகம். நடப்பவர்களே முதலிடம் என்பது பலருக்கு ஆச்சரியம் தரலாம். எனக்கு ஆச்சரியம் தந்தது வேறு. இந்த அட்டவணை 'இதர தொழிலாளர்' என்ற சுமார் 20 கோடிப் பேரைப் பற்றியது. தேசத்தில் உழைப்பவர்கள் 48 கோடி. விவசாயிகள், விவசாயக் கூலிகள், வீட்டுத் தொழில் செய்பவர்கள் என்று மீதி 28 கோடிப் பேர் இதில் இல்லை. வயலுக்குப் போவது பிரயாணம் இல்லை என்று கருதினார்கள் போலும். நாரை பறக்காத கண்மாய்க் கரை நெடுக விடியுமுன் நடந்து நடவுக்குப் போகிறவள் தேசக் கணக்கில் எங்கும் போகவில்லை. கண்மாய் ஊற்றுக்கும் லாரித் தண்ணீருக்கும் குடத்தோடு போவதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், அது வேலையாகவே கணக்கில் வராது. அசோகமித்திரன் 'தண்ணீர்' நாவலில் சென்னைத் தெருக்களில் குடத்தோடு அலைபவர்களை எழுதினார். நடைக்கும் ஒரு கணக்கு உண்டு என்று அந்த நாவல் எனக்குச் சொன்னதைப் புள்ளிவிவரம் சொல்லவில்லை.

2005-ஆம் வருஷத்து வேலை உறுதிச் சட்டம் இதை ஓரளவு கவனித்தது. வேலை ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் தரப்பட்டால் கூலியில் பத்து சதவிகிதம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்றது. ஐந்து கிலோமீட்டருக்குள் நடை இலவசம், அதாவது அவள் நமக்குத் தரும் இலவசம்.

எங்களுக்கு வடக்கே புதுக்கோட்டையில் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு காரியம் நடந்தது. அறிவொளி இயக்கத்தில் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அதை ஊக்குவித்தார். எழுபதாயிரம் பெண்களுக்கு மேல் சைக்கிள் ஓட்டிக் காட்டினார்கள். பெண்கள் சைக்கிள் போதாமல் ஆண்கள் சைக்கிளை எடுத்துக்கொண்டார்கள். கேலி பேசியவர்களும் இருந்தார்கள். நம் பத்திரிகைகளில் அப்போது பெண் விடுதலை பற்றி மொழிபெயர்ப்புக் கட்டுரைகள் வந்துகொண்டிருந்தன. பக்கத்து ஜில்லாவில் நடந்ததை எழுதிப் பரவலாக அறியச் செய்தவர் சாய்நாத் என்ற ஆங்கிலப் பத்திரிகையாளர்.

2021 மே மாதம் தமிழ்நாட்டில் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் நீக்கப்பட்டது. பணம் வாங்காவிட்டாலும் கண்டக்டர் சீட்டுக் கொடுத்தார். இதை நான் முதலில் வீண் வேலை என்றுதான் நினைத்தேன். பூஜ்யம் ரூபாய்க்கு எதற்குச் சீட்டு? போக்குவரத்துக் கழகத்துக்கு அரசு ஈடு கட்ட வேண்டும், அதற்குத் தலை எண்ணிக்கை வேண்டும் என்பது பிறகு விளங்கியது. ஆக, அவள் எண்ணப்பட்டதும் பணத்தின் பொருட்டுத்தான். இருக்கட்டும். சத்திரத்திலும் அரிசிக் கணக்கு இருந்திருக்கும். செலவை யார் ஏற்கிறார்கள் என்பதுதான் விஷயம். குறையும் உண்டு. இராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் மப்சல் பஸ்ஸில் இந்தச் சலுகை இல்லை. வெள்ளைப் போர்டு பஸ் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்றால் நடுப்பகல் நடைக்குத்தான்.

டீக்கடையில் அதற்கு 'ஓசி பஸ்' என்று பெயர் வைத்தார்கள். சொன்னவர்கள் பெரும்பாலும் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்றவர்கள். அவர்கள் வந்த தார்ச்சாலையும் அவர்களுடைய செலவில் மட்டும் போட்டதல்ல. அதை யாரும் ஓசி என்று சொன்னதில்லை. சத்திரத்துச் சோற்றையும் ஓசி என்று சொன்னதாகக் கேள்விப்பட்டதில்லை, அதற்குத் தர்மம் என்று பெயர். கொடுத்தவன் அரசனாக இருந்தால் தர்மம், வாங்குகிறவள் நடவுக்காரியாக இருந்தால் ஓசி. சொற்களைப் பற்றி எழுதிப் பிழைக்கிறோம் என்று சொல்லிக்கொள்ளும் நாம் இந்த இரண்டு சொற்களுக்கு நடுவில் இருக்கும் தூரத்தை அளந்திருக்க வேண்டும்.

2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை. 2027 மார்ச் 1-ஐக் குறிப்பு நாளாக வைத்து அடுத்ததை அறிவித்திருக்கிறார்கள். வேலைக்கு எதில் போகிறீர்கள் என்று கேட்பார்களானால், இந்த முறை வயலுக்குப் போகிறவர்களிடமும் கேட்க வேண்டும்.

ஒரு நாள் கவுண்டரில் ஒரு அம்மாள் பாஸ்புத்தகத்தை நீட்டினார். உள்ளே மடங்காமல் நாலைந்து பஸ் சீட்டுகள் இருந்தன. குப்பை என்று நினைத்து எடுத்துப் போடப் போனேன். 'இருக்கட்டும் தம்பி, கணக்குக்கு' என்றார். யாருக்குக் காட்ட வேண்டிய கணக்கு என்று நான் கேட்கவில்லை. சீட்டுகளை இருந்த பக்கத்திலேயே வைத்து, பதிவு போட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.